மடக்குக் கத்தி அலகுக்குச் சரிவு எடுப்பது: முதல் பத்துத் துண்டுகள்

பாளையங்கோட்டையில் என் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. சித்திரை வெயிலில் காலை பத்து மணிக்கு மேல் அதற்குள் நிற்க முடியாது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமையானால் யாராவது ஒரு பையன் வந்துவிடுவான். "அண்ணாச்சி, மடக்குக் கத்தி செய்யப் படிக்கணும்" என்பான். என்ன இரும்பு, என்ன மெஷின், எவ்வளவு செலவாகும் என்று அடுக்கிக் கேட்பான். பதில் சொல்லும் முன் என் முதல் கத்தியை எடுத்து அவன் கையில் கொடுப்பேன். விரித்துப் பார்த்தால் அழகாகத்தான் இருக்கும். மடக்கினால் பிடிக்குள் 'சர்ர்' என்று ஒரு உரசல் கேட்கும். பித்தளைத் தகட்டின் உட்பக்கத்தை வெளிச்சத்தில் காட்டினால் பிறை போல ஒரு கீறல் தெரியும். அலகின் ஒரு பக்கத்தை மற்றதைவிட அதிகம் தேய்த்துவிட்டேன். தோய்ச்சலில், அதாவது காய்ச்சிய எஃகை எண்ணெயில் முக்கிக் கடினமாக்கும்போது, அது ஒரு பக்கமாக வளைந்தது. அந்த வளைவு போட்ட கோடு அது.

அருவாளில் ஒரு பக்கம் அரை மில்லிமீட்டர் கூடுதலாகத் தேய்ந்தாலும் வாழைத்தாரை வெட்டலாம், கருவேல முள்ளை வெட்டலாம், ஒன்றும் குறைந்துவிடாது. மடக்குக் கத்தியின் அலகு இரண்டு தகடுகளுக்கு நடுவே, தன் தடிமனைவிட ஒரு தலைமுடி அளவே அகலமான சந்துக்குள் போய் உட்கார வேண்டும். எனக்குச் சாணை பழக்கிய கொல்லாசாரி முதல் நாள் சொன்னது இதுதான்: "ஏல, எங்க தேய்க்கணும்னு அப்புறம் பாப்போம். எங்க தேய்க்கக் கூடாதுன்னு மொதல்ல தெரிஞ்சிக்கோ." இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு பேச்சின் விரிவு என்று வைத்துக்கொள்ளலாம்.

பெயர்களை முதலில் ஒழுங்குபடுத்திக்கொள்வோம். வெட்டும் விளிம்பு வாய். அதற்கு எதிர்ப்பக்கம் முதுகு. பிடிக்குள் இருந்து அச்சில் சுழலும் தடித்த பகுதியை எங்கள் கொட்டகையில் அடி என்கிறோம். முதுகிலிருந்து வாய் வரை மெலிந்து வரும்படி தேய்க்கும் சாய்வு சரிவு. அந்தச் சரிவு முடிந்து தேய்க்காத அடி தொடங்கும் இடம் தோள். பிடியின் முதுகில் இருந்துகொண்டு அலகை விரித்தும் மடக்கியும் நிறுத்துகிற எஃகுப் பட்டை வில். அலகின் இரு பக்கமும் இருப்பவை தகடுகள், பெரும்பாலும் பித்தளை.

இதில் அடியைத்தான் தொடக் கூடாது. அதன் இரண்டு முகங்களும் ஒன்றுக்கொன்று இணையாக, தட்டையாக இருந்தே ஆக வேண்டும். வில்லின் தடிமன் அடியைவிட 0.03 முதல் 0.05 மில்லிமீட்டர் கூடுதலாக இருக்கும்படி செய்வது வழக்கம். அந்த இடைவெளியில்தான் அலகு சுழல்கிறது. பெல்ட் ஒரு தடவை தவறி அடியின் மேல் ஏறினால் அந்த இடைவெளி இரண்டு மடங்காகிவிடும். பிறகு அலகு ஆடும். அந்த ஆட்டத்தைச் சரிசெய்ய வழியில்லை, புதுத் துண்டை எடுக்க வேண்டியதுதான்.

தேவையானவை

நல்ல எஃகை முதலில் வாங்காதீர்கள். இரும்புக் கடையில் 25 மில்லிமீட்டர் அகலம், 3 மில்லிமீட்டர் தடிமனில் சாதா இரும்புப் பட்டை கிடைக்கும். அதை நாலு அங்குலத் துண்டுகளாகப் பத்து வெட்டிக்கொள்ளுங்கள். அந்தப் பத்தும் கத்தியாகப் போவதில்லை. தேய்த்துப் பார்த்து, குறை கண்டு, தேதி எழுதி ஒரு பெட்டியில் போட்டுவைப்பதற்கு. ஏழாவது துண்டையும் முதல் துண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற நாளில் கை எவ்வளவு மாறியிருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

உண்மையான அலகுக்கு ஓஎச்என்எஸ் என்று டூல் ஸ்டீல் கடைகளில் விற்கும், எண்ணெயில் தோய்க்கும் வகை எஃகு தொடக்கக்காரருக்கு ஏற்றது. 2.5 மில்லிமீட்டர் தடிமன் போதும். நம் பக்கத்துப் பட்டறைகளில் அருவாளுக்கு லாரி வில்லுப்பட்டையைப் பயன்படுத்துவார்கள். நல்ல எஃகுதான், ஆனால் அவ்வளவு தடிமனை 2.5-க்குக் கொண்டுவர உலையில் காய்ச்சி அடிக்க வேண்டும். அது வேறு தொழில், அதை இதோடு சேர்த்துப் படிக்க முயல வேண்டாம்.

மெஷின் என்றால் பெல்ட் கிரைண்டர். கத்தி வேலைக்கு 2 அங்குல அகலம், 72 அங்குல நீளம் கொண்ட பெல்ட் ஓடும் வகை வசதியானது. கடையில் வாங்கலாம், வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்தும் வாங்கலாம். செய்து வாங்கும்போது பெல்ட்டின் வேகத்தை மட்டும் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 1440 சுற்று ஓடும் மோட்டாரில் 150 மில்லிமீட்டர் விட்டமுள்ள சக்கரம் மாட்டினால் பெல்ட் நிமிடத்துக்குச் சுமார் 680 மீட்டர் ஓடும். அதே மோட்டாரில் 100 மில்லிமீட்டர் சக்கரம் என்றால் 450 மீட்டர்தான். புதிதாகப் பழகுகிறவருக்கு 450 போதும். தவறு செய்தாலும் மெதுவாகத்தான் நடக்கும், நிறுத்த நேரம் இருக்கும். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ் வாங்க வசதி இருந்தால் இன்னும் நல்லது.

பெல்ட்டில் 60, 120, 240, 400 ஆகிய நம்பர்கள் வேண்டும். நம்பர் ஏற ஏறத் தூள் பொடிசாகும். அவற்றில் மலிவானவை அலுமினியம் ஆக்சைடு தூள் ஒட்டியவை. அதுவேதான் குருந்தக்கல். ஆங்கிலக்காரர்கள் அந்தக் கல்லுக்கு வைத்திருக்கும் பெயரே தமிழ்க் 'குருந்த'த்திலிருந்து போனது. அரக்கோடு குருந்தத் தூளைக் கலந்து சாணைச் சக்கரம் செய்த நாடு இது. செராமிக் பெல்ட் விலை அதிகம், ஆனால் எஃகைச் சூடாக்காமல் அறுக்கும், பல நாள் உழைக்கும். பழகும் பத்துத் துண்டுக்கு அது வேண்டாம்.

மெஷினே இல்லாதவர்கள் சோர்ந்துபோக வேண்டியதில்லை. பத்து அங்குலத் தட்டை அரமும் ஒரு வைஸும் இருந்தால் இதே சரிவைக் கையால் எடுக்கலாம். ஒரு அலகுக்கு ஒரு மாலை முழுவதும் ஆகும். அரத்தில் பழகியவன் பெல்ட்டுக்கு வந்தால் சீக்கிரம் தேறுகிறான், இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

உடை பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். சாரமோ வேட்டியோ கட்டிக்கொண்டு ஓடும் பெல்ட் முன் நிற்காதீர்கள். தோளில் துண்டு கூடாது. கையில் கயிறு, காப்பு, கழுத்தில் தொங்கும் சங்கிலி எல்லாம் கழற்றி வைத்துவிட்டு வர வேண்டும். கண்ணாடி கட்டாயம். இரும்புத் தூள் நுரையீரலுக்குப் போகும், ஆகவே என்-95 வகை முகமூடி போடுங்கள். மூக்கில் கைக்குட்டை கட்டுவது போதாது. கையுறையை நான் போடச் சொல்வதில்லை. ஓடும் பெல்ட் துணியைப் பிடித்தால் விரலையும் சேர்த்து இழுக்கும், தவிர சூட்டை உணர வெறும் விரல் வேண்டும். பெல்ட்டுக்கு அடியில் ஒரு வாளித் தண்ணீர் வையுங்கள், பொறி அதில் விழட்டும். பிடிக்கான மரத்தை அதே இடத்தில் தேய்த்து, மரத்தூள் குவிந்த பிறகு எஃகைத் தேய்த்தால் தீப்பிடிக்கும். அலுமினியத் தூளும் இரும்புத் தூளும் கலந்த இடத்தில் பொறி விழுவது அதைவிட ஆபத்து.

கோடு போடுதல்

துண்டைக் கத்தி வடிவத்தில் வெட்டி, அச்சுத் துளையையும் போட்டுவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தோய்ச்சலுக்குப் பிறகு டிரில் இறங்காது, ஆகவே துளை இப்போதே முடிந்திருக்க வேண்டும். அலகை விரிக்க நகம் மாட்டும் நகக்குழியும் அப்படித்தான்.

வாய் வரப்போகும் விளிம்பில் மார்க்கர் பேனாவால் கறுப்படியுங்கள். கண்ணாடிப் பலகை மேல் அலகைப் படுக்கவைத்து, பக்கத்தில் 1.9 மில்லிமீட்டர் டிரில் பிட்டையும் படுக்கவையுங்கள். பிட்டின் நுனி அதன் தடிமனில் சரிபாதி உயரத்தில், அதாவது 0.95 மில்லிமீட்டரில் நிற்கும். அதை விளிம்பில் அழுத்தி இழுத்தால் ஒரு கோடு விழும். அலகைப் புரட்டிப் போட்டு மறுபடி இழுத்தால் இரண்டாவது கோடு. அலகு 2.5 மில்லிமீட்டர் என்பதால் இரண்டு கோட்டுக்கும் நடுவே சரியாக 0.6 மில்லிமீட்டர் இருக்கும். தோய்ச்சலுக்கு முன் வாயில் விட்டுவைக்க வேண்டிய கனம் அதுதான். அதற்கு மெலிந்தால் உலையில் நெளியும், சில நேரம் எண்ணெயில் முக்கியதும் விரிசல் விடும். 3 மில்லிமீட்டர் பழக்கத் துண்டுக்கு 2.4 பிட் எடுத்துக்கொள்ளுங்கள், அதே இடைவெளி வரும்.

அடுத்தது தோள் கோடு. மூலைமட்டத்தை முதுகில் அணைத்து இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் கீறுங்கள். இந்தக் கோட்டைத் தாண்டி அடிப் பக்கம் பெல்ட் வரக் கூடாது. அடி முழுவதும் இரண்டு சுற்று மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுகிறேன் நான். எஃகை டேப் காப்பாற்றாது. அது கிழிந்தால் தப்பு நடந்தது உடனே தெரியும், அவ்வளவுதான்.

மடக்குக் கத்தி அலகு சின்னது, அடியை விரலால் பிடித்துத் தேய்க்க முடியாது. ஒரு முழம் மரச்சட்டத்தின் நுனியில் அச்சுத் துளை வழியாக ஒரு போல்ட்டால் இறுக்குங்கள். அலகு சுழலாமல் இருக்க அடியின் பின்னால் ஒரு ஆணி அணைகொடுக்கட்டும். இப்போது அலகுக்கு ஒரு பிடி வந்துவிட்டது, விரலும் பெல்ட்டிலிருந்து தள்ளி நிற்கிறது.

நிற்பதும் இழுப்பதும்

முதலில் ஒரு பழைய, மழுங்கிய 60 நம்பர் பெல்ட்டை மாட்டுங்கள். வாய் மேலே பார்க்க, 45 பாகைச் சாய்வில் அலகைப் பிடித்து, கீறிய கோடு வரை மூலையை உடைத்துவிடுங்கள். இரண்டு பக்கமும் இதைச் செய்ய வேண்டும். புதுப் பெல்ட்டைக் கூரான மூலையில் வைத்தால் அதன் தூள் எல்லாம் ஒரே இழுப்பில் உதிர்ந்துவிடும். தவிர, எங்கே நிறுத்த வேண்டும் என்று காட்டும் எல்லையும் இதுதான்.

இனிதான் சரிவு. 18 மில்லிமீட்டர் அகலமான அலகில் முதுகிலிருந்து வாய் வரை, ஒரு பக்கம் 0.95 மில்லிமீட்டர் எடுக்க வேண்டும். கோணமாகச் சொன்னால் சுமார் 3 பாகை. அலகைப் பெல்ட்டில் தட்டையாக ஒட்டவைத்து மூச்சு விட்டால் வரும் சாய்வுதான் அது. புதிதாக வருகிறவர்கள் எல்லோருமே இதைவிட அதிகமாகச் சாய்க்கிறார்கள், கத்தி உளி மாதிரி ஆகிவிடுகிறது.

கால் இரண்டையும் தோள் அகலத்துக்கு வைத்து நில்லுங்கள். முழங்கை விலாவோடு ஒட்டியிருக்கட்டும். கை அசையக் கூடாது, இடுப்பிலிருந்து உடம்பு முழுவதும் பக்கவாட்டில் நகர வேண்டும். கையை மட்டும் இழுத்தால் முழங்கை வட்டம் போடும், சரிவும் வட்டமாகத்தான் வரும். தோள் கோட்டைப் பெல்ட்டின் ஓரத்துக்கு நேராக வைத்து, அலகைப் பெல்ட்டில் மெல்ல உட்காரவைத்து, ஒரே சீராக இழுங்கள். முனை நெருங்கும்போது பிடியைச் சற்று உயர்த்தினால் வளைவோடு பெல்ட் போகும். முனை பெல்ட்டின் நடுவைத் தாண்டும்போதே எடுத்துவிட வேண்டும். ஒரு நொடி தாமதித்தாலும் முனை மொட்டையாகிவிடும்.

சரிவு எங்கே ஏற வேண்டும் என்பதைக் கட்டைவிரல் தீர்மானிக்கும். பெல்ட்டில் படாத மறுபுறத்தில் முதுகுப் பக்கமாக அழுத்தினால் சரிவுக்கோடு முதுகை நோக்கி ஏறும். வாய்ப் பக்கமாக அழுத்தினால் வாய் மெலியும். முதல் சில இழுப்பில் ஒன்றும் பிடிபடாது. நாலாவது துண்டு தேய்க்கும்போது விரல் தானாக இடம் கண்டுகொள்ளும்.

ஒவ்வொரு இழுப்புக்கும் தண்ணீரில் முக்கி, வெளிச்சத்தில் பார்த்து, பிறகுதான் அடுத்தது. ஐந்து இழுப்புக்கு ஒருமுறை பக்கம் மாற்றுங்கள். ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததைத் தொட்டால் அலகு அப்போதே வளையத் தொடங்கும். பக்கம் மாற்றினால் பிடிக்கும் கையும் மாறும், இடது கை எப்போதும் பின்தங்கும். ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் உங்களுக்கு வராத கைப் பக்கத்தை முதலில் தேயுங்கள். அது எப்படி வருகிறதோ அதற்கு ஈடாக வருகிற கையால் மற்றப் பக்கத்தைக் கொண்டுவரலாம். தலைகீழாகச் செய்தால் வராத கை, வருகிற கையைத் துரத்திக்கொண்டே இருக்கும், கடைசியில் அலகில் மிச்சம் இருக்காது.

இரண்டு பக்கமும் சமமா என்பதை மூன்று வழியில் பார்ப்பேன். வாயை நேராகக் கண்ணுக்கு எதிரே பிடித்தால் கோடு முதுகின் நடுவில் ஓட வேண்டும். வெர்னியரால் தோள் பக்கம், நடு, முனை என்று மூன்று இடத்தில் தடிமன் அளந்து எழுதுவேன். மூன்றாவது, கத்தியைத் தகடுகளுக்கு நடுவே தற்காலிகமாகப் பூட்டி, அலகு முழுவதும் மார்க்கரால் கறுப்படித்து, பத்துத் தடவை மடக்கி விரிப்பேன். எங்காவது கறுப்பு போயிருந்தால் அங்கே உரசுகிறது. என் முதல் கத்தியில் இதைச் செய்யாமல் விட்டேன்.

60-இல் சரிவு முக்கால்வாசி வந்ததும் 120-க்கு மாறுங்கள். இழுப்பின் சாய்வைச் சற்று மாற்றிப் பிடித்தால் பழைய கீறலும் புதுக் கீறலும் குறுக்கே தெரியும். 60-இன் கடைசிக் கீறல் மறையும் வரை 240-ஐத் தொட வேண்டாம். பொறுமையிழந்து தாண்டிப்போனவர்களின் கத்தியில் பளபளப்புக்கு அடியில் அந்தக் கோடுகள் கடைசிவரை நிற்கும்.

தோய்ச்சல், அதற்குப் பின்

தோய்ச்சலைப் பற்றி இங்கே சுருக்கமாக. ஓஎச்என்எஸ் எஃகை 800 பாகை செல்சியஸ் அளவுக்குக் காய்ச்ச வேண்டும். 770-ஐ ஒட்டி இரும்பில் காந்தம் ஒட்டாமல் போகும், அதிலிருந்து இன்னும் கொஞ்சம். 50, 60 பாகைக்குச் சூடாக்கிய எண்ணெயில் முனை கீழே பார்க்க நேராக இறக்குங்கள். பக்கவாட்டில் ஆட்டினால் வளையும். ஆறியதும் அரத்தை வைத்துப் பாருங்கள், கண்ணாடி மேல் வழுக்குவது போல வழுக்க வேண்டும். இந்த நிலையில் கீழே போட்டால் உடைந்துவிடும். அன்றைக்கே 200 பாகையில் இரண்டு மணி நேரம், ஆறவிட்டு மறுபடி இரண்டு மணி நேரம் பதம் இறக்க வேண்டும், அதாவது கடினத்தைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். உலை இல்லாதவர்கள் பக்கத்துக் கொல்லுப்பட்டறையில் கேட்டுச் செய்துகொள்ளலாம். மெல்லிய அலகு என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அருவாளுக்குப் போடும் தீ இதற்கு ஆகாது.

பிறகு மறுபடி பெல்ட். 0.6 இருந்த வாயை 0.25-க்குக் கொண்டுவர வேண்டும். இப்போது பகை சூடுதான். எஃகின் முகத்தில் முதலில் வைக்கோல் நிறம் ஏறும், அது 200 பாகை தாண்டிய அடையாளம். அடுத்து கருப்பட்டி நிறம், பிறகு நாவற்பழம், 300-ஐ ஒட்டி மயில்கழுத்து நீலம். வைக்கோலைத் தாண்டிய இடத்தில் பதம் அளவுக்கு மேல் இறங்கிவிட்டது. நீலம் கண்ட வாய் மாங்காய் நறுக்கினாலே மழுங்கும். மெல்லிய வாயில் இந்த நிறங்கள் கண்சிமிட்டும் நேரத்தில் வந்துவிடும். ஆகவே புதுப் பெல்ட், குறைந்த வேகம், மெல்லிய அழுத்தம். விரல் பொறுக்க முடியாத சூடு வரும் முன்பே தண்ணீரில் முக்க வேண்டும். கடைசி 0.1 மில்லிமீட்டரை நான் பெல்ட்டில் எடுப்பதேயில்லை. மரக்கட்டையில் உப்புத்தாள் சுற்றி, தண்ணீர் தொட்டுக் கையால் தேய்க்கிறேன்.

அடியையும் இப்போது ஒருமுறை சரிபாருங்கள். கண்ணாடிப் பலகையில் 400 நம்பர் உப்புத்தாளை வைத்து, கறுப்படித்த அடியை அதன் மேல் நாலு தடவை இழுங்கள். கறுப்பு எங்கும் ஒரே மாதிரி போனால் முகம் தட்டை. ஓரத்தில் மட்டும் போனால் பெல்ட் எங்கோ தொட்டிருக்கிறது.

பிடிக்கு நம் ஊரிலேயே எல்லாம் இருக்கிறது. முற்றிய பனையின் வைரம் கறுப்பு நாரோடு மிக அழகாக வரும், ஆனால் சிலாம்பு குத்தும், பொறுமையாகத் தேய்க்க வேண்டும். புளிய வைரம், வாகை, எருமைக்கொம்பு எல்லாம் நல்லவை. களக்காடு, முண்டந்துறைப் பக்கம் காட்டில் உதிர்ந்து கிடந்த மான்கொம்பு என்று யாராவது கொண்டுவந்தால் வாங்காதீர்கள். உதிர்ந்ததானாலும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். அளவு பற்றியும் பையன்கள் கேட்பார்கள். ஆயுத விதிகள் பெயர்சொல்லிக் குறிப்பிடுவது 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள, வீட்டு வேலைக்கோ வயல் வேலைக்கோ அல்லாத அலகுகளை. நாம் செய்வது 3 அங்குலப் பேனாக்கத்தி. அதற்காகத் திருவிழாக் கூட்டத்துக்கு மடியில் செருகிக்கொண்டு போக வேண்டாம்.

வாயைத் தீட்டுவது கடைசி வேலை. பிடி பூட்டி, வில் இறுகி, எல்லாம் முடிந்த பிறகுதான். பக்கத்துக்கு 20 பாகைக்குச் சற்றுக் குறைவாக, தண்ணீர்க் கல்லில் தீட்டுங்கள். பிசிறு எடுக்க நான் ஒரு பலகையில் வெங்கச்சங்கல் பொடியைத் தூவி இழுக்கிறேன். பனையேறிகள் பாளை அருவாளைத் தீட்டும் முறை அது. பாளையின் நுனியை நாள்தோறும் மெல்லிதாகச் சீவ வேண்டியவர்களுக்குத் தெரியாத கூர் எனக்குத் தெரியப் போவதில்லை. அலகில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் பூசுங்கள். திருச்செந்தூர், உவரிப் பக்கம் இருப்பவர்கள் வாரம் ஒருமுறை பூச வேண்டும், உப்புக்காற்றில் இந்த எஃகு துருப்பிடிக்கும். அச்சுக்கு மட்டும் தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளாக நாளாகப் பிசின் போல இறுகிவிடும். தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, ஐம்பது தடவை மடக்கி விரித்து, டார்ச் அடித்துப் பித்தளையின் உட்பக்கத்தைப் பாருங்கள்.